பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். புரட்டாசி முதல் சனிக்கிழமை தளிகை போட்டேன், பெரியத்தை வந்து ஒத்தாசை செய்தாள். கொல்லையில் அம்மா வைத்த கறிவேப்பிலை ஓடு உயரத்துக்கு வந்துவிட்டது. நீ போன் பேசிப் பதினெட்டு நாளாகிறது. வேலை இருக்கும், சரி. மாப்பிள்ளையிடம் கேட்டால் "நல்லா இருக்கா மாமா" என்கிறார். டாக்டரிடம் போகிறேன் என்றாயே, அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 22 புற்றுநோயாளிகளுக்கான ரோஜா தினம். எங்கள் மாதக் கூட்டத்தை அன்றைக்கே வைத்தோம். நாற்காலி போடுவதும் சுக்கு காபியும் என் பொறுப்பு. ஒரத்தநாட்டிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், உன் வயதுதான் இருக்கும். இரண்டாவது கீமோ முடிந்து, முக்காட்டை விலக்காமல் கடைசி வரிசையில் இருந்தாள். கீமோ முடித்து மூன்று வருஷமான டீச்சரம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, "தொட்டுப் பாரு, முன்னைக்குச் சுருட்டையா வந்திருக்கு" என்றார். அந்தப் பெண் விரலை முடிக்குள் விட்டவள் வெகுநேரம் எடுக்கவே இல்லை.

அங்கே பேச்செல்லாம் இப்படித்தான். வாய்ப்புண்ணுக்குக் குழைந்த தயிர்சாதம் இதமாக இருக்கும் என்பார் ஒருவர். சிகிச்சைக்கு ரயிலில் போகிற நோயாளிக்கு ஸ்லீப்பரில் டிக்கெட் காசு கிடையாது, ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கிக் கவுண்டரில் கொடுத்தால் போதும். புதிதாக வந்தவருக்கு அதை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

நானும் அம்மாவும் உழவன் எக்ஸ்பிரஸில் முழுக் காசு கொடுத்தே அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். சலுகை தெரியாமல் இல்லை பாப்பா. கவுண்டரில் சித்தப்பாவின் சிநேகிதர் இருந்தார். உனக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம், ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அந்த ஆஸ்பத்திரியை 1954இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். டீச்சரம்மா அதைச் சொன்னபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நீ முதல் சம்பளத்தில் எடுத்துத் தந்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, இந்தக் கூட்டத்துக்கு ஒரு தடவை போய்வரலாமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றேன். சேலையை மடித்து உள்ளே வைத்துவிட்டாள், மறுபடி கேட்கவில்லை. இன்னொன்றும் உனக்குத் தெரியாது. கட்டி இருக்கிறது என்று அவள் முதலில் சொன்னபோது, பெண் பார்க்க வருகிறார்கள், அது முடியட்டும் என்று நான்கு மாதம் தள்ளிப்போட்டவன் நான். அவள் உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. டாக்டரிடம் அம்மாவுக்கு இருந்ததைச் சொன்னாயா? சொல்லாவிட்டால் மறுபடி போய்ச் சொல். அம்மாவின் ஃபைல் முழுதும் மஞ்சப்பையில் பத்திரமாக இருக்கிறது, கேட்டால் கொண்டுவருகிறேன். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று எதையும் தள்ளிப்போடாதே. அம்மாவைப் பற்றி டாக்டரிடம் சொல்.

ராத்திரி எத்தனை மணியானாலும் போன் செய். முழித்துத்தான் இருப்பேன்.

அப்பா