ஓர் ஏகாரமும் இரட்சிப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் எங்கள் உறவினர் ஒருவரின் மறைவையொட்டி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடியிருந்தபோது, அவர் அக்கம்பக்கத்தாருக்குச் செய்த உதவிகளை ஒருவர் நினைவுகூர்ந்தார். உடனே எங்கள் மெதடிஸ்ட் சபைப் பெரியவர் ஒருவர், “அதெல்லாம் சரி, ஆனால் இரட்சிப்பு விசுவாசத்தினால் மட்டுமே” என்று திருத்தினார். கத்தோலிக்கரான என் மைத்துனர், புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபின் நிருபத்தைக் (கடிதத்தைக்) கொண்டு, கிரியைகளும் வேண்டும் என்று மறுத்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

‘விசுவாசத்தினால் மட்டும்’ என்னும் தொடர் புதிய ஏற்பாட்டில் வருவது ஒரே இடத்தில்தான். அதுவும், அப்படி அல்ல என்று மறுப்பதற்காக (யாக்கோபு 2:24). மனிதன் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறான் என்று பவுல் எழுதும் ரோமர் 3:28இன் கிரேக்க மூலத்திலும் ‘மட்டும்’ என்ற சொல் இல்லை. 1522இல் வெளிவந்த தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அதைச் சேர்த்தவர் சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தர். எங்கள் பழைய தமிழ் வேதாகமத்திலோ “விசுவாசத்தினாலேயே” என்று ஓர் ஏகாரமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அது மற்றதை விலக்கும் பிரிநிலை ஏகாரமா, உறுதிப்படுத்தும் தேற்ற ஏகாரமா என்று தமிழாசிரியர் யாரையாவது கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆயினும் சிக்கல் அந்த ஏகாரத்தில் இல்லை, ‘கிரியை’ (செயல்) என்ற சொல்லில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. யூதரல்லாதவர்கள் விருத்தசேதனம் முதலிய நியாயப்பிரமாணக் (மோசேயின் சட்டக்) கடமைகளையும் ஏற்றால்தான் தேவஜனமாக முடியும் என்ற நிபந்தனையைப் பவுல் எதிர்க்கிறார். உடையும் உணவும் இல்லாதவனை வாழ்த்தி மட்டும் அனுப்பிவிடுகிறவனின் விசுவாசத்தை யாக்கோபு இடித்துரைக்கிறார். இருவரும் ஆபிரகாமையே சான்றுக்கு அழைத்தாலும், பவுல் காட்டுவது வாக்குத்தத்தத்தை நம்பிய ஆபிரகாமை, யாக்கோபு காட்டுவது பல ஆண்டுகளுக்குப் பின் ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்த ஆபிரகாமை. இரட்சிப்பு கிரியைகளினால் உண்டானதல்ல என்று எபேசியர் 2:9இல் சொல்லும் நிருபமே, நாம் நற்கிரியைகளுக்காகச் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அடுத்த வசனத்தில் சொல்வதை எங்களில் பலர் வாசிக்காமல் விட்டுவிடுகிறோம்.

கத்தோலிக்கர் புண்ணியத்தைச் சேர்த்து மோட்சத்தை விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வதுண்டு. அது நியாயமல்ல. கிருபையின்றித் தன் கிரியைகளால் ஒருவன் நீதிமானாக முடியும் என்ற கொள்கையை 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் தன் முதல் விதியிலேயே கண்டித்தது. மேலும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதுபற்றி ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. 2006இல் உலக மெதடிஸ்ட் பேரவையும் அதில் இணைந்தது. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை என்றாலும், அடிப்படையில் ஒத்த கருத்து எட்டப்பட்டது. அன்று வாதிட்ட இருவருமே இதை அறிந்திருக்கவில்லை.

ஒருவர் இரட்சிப்பு, கிருபை என்பதை மற்றவர் மீட்பு, அருள் என்கிறார். பாதிச் சண்டை இதனால்தானோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. அன்று அருகிலிருந்த வைணவ நண்பர், இறையருளைப் பெற நம் முயற்சியும் வேண்டுமா என்பது பற்றி, தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும் தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் வைத்து வடகலையாரும் தென்கலையாரும் நடத்திய வாதத்தைச் சொல்லிச் சிரித்தார்.

அக்டோபர் மாதக் கடைசியில் சீர்திருத்த ஞாயிறு வரும்போது, லூத்தர் 1517இல் வெளியிட்ட 95 வாதங்களோடு அந்த 1999 கூட்டறிக்கையையும் நம் தமிழ்ச் சபைகளின் போதகர்கள் பிரசங்கத்தில் எடுத்துரைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மெதடிஸ்ட் சபை வாசகர் ஒருவர்,
ஈசூன்