எட்மண்டனிலிருந்து ஆத்தாவுக்கு

சிவமயம்

அன்புள்ள ஆத்தாவுக்கு,

இங்கு இருவரும் நலம். அப்பச்சி, அப்பத்தா, தம்பி நலமறிய ஆவல். உங்கள் கடிதமும் மாவுருண்டையும் சேர்ந்தே வந்தன. உருண்டை உதிர்ந்து மாவாகிவிட்டது, ஆனால் நெய் வாசம் அப்படியே இருந்தது. கரண்டியால் அள்ளித் தின்று தீர்த்தோம்.

‘எம்.காம். படித்த பிள்ளை சரக்குக் கிட்டங்கியில் பெட்டி அடுக்குகிறதே’ என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அது வாடகைக்கான வேலை ஆத்தா. எனக்கென்று ஒரு வேலை இப்போது வேறு இடத்தில் கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கே மார்கழியில் காலை எட்டே முக்காலுக்குத்தான் விடிகிறது. நாலே காலுக்கு இருட்டிவிடும். மைனஸ் 25 குளிரிலும் கீழ்வீட்டுப் பெரியவர் கையுறை இல்லாமல் பனி தள்ளுவார். அவர் தாத்தா காலத்தில் உக்ரைனிலிருந்து வந்த குடும்பம். யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார், நாற்காலிகளோடு மட்டும் பேசுவார். தெருவில் வீசிய பிரம்பு நாற்காலிகளைத் தூக்கிவந்து பின்னிக் கொடுப்பதுதான் அவர் தொழில். இப்போது கை நடுங்குகிறது. பாதியில் நின்ற ஒன்றைப் பார்த்து, ‘நான் பின்னட்டுமா?’ என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் முக்காலியைத் தள்ளிப்போட்டார். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அவரிடம் பின்னப் போகிறேன்.

பிரம்புத் தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட வேண்டும். சட்டத்துத் துளைகளில் முதலில் நெடுக்காக, மேலே குறுக்காக, மறுபடி நெடுக்காக. நாலாவது சுற்றில்தான் மேலும் கீழுமாக நுழைத்துப் பின்னல் விழும். அப்புறம் இரண்டு பக்கமும் மூலைவாட்டில் ஓட்ட வேண்டும். ஹீட்டர் சூட்டில் பிரம்பு சீக்கிரம் காய்ந்து முறியும், ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருக்கணும். முடித்த பின் காயக்காய இறுகி, தட்டினால் கணீரென்று கேட்கும்.

ஊறிய பிரம்பைக் கையில் எடுத்த முதல் நாள், நம் இரண்டாங்கட்டில் அப்பத்தா ஓலையை நனைத்துக் கொட்டான் கூடை முடைகிற வாசம் வந்துவிட்டது. கீழ்வீட்டில் உட்கார்ந்து அழுதேன். பெரியவர் பார்க்காதது போல் அடுப்பில் கெட்டிலை வைத்தார். அப்பத்தாவிடம் சொல்லுங்கள், அவர் கொட்டித் திருத்திய விரல்கள்தான் இவை.

கிட்டங்கியில் நான் அடுக்கும் பெட்டி யார் வீட்டுக்குப் போகிறது என்று தெரியாது. ஆனால் போன வாரம் ஒரு அம்மாள், பின்னி முடித்த தன் தாயாருடைய நாற்காலியை எடுத்துப்போகக் கீழ்வீட்டுக்கு வந்தார். காசைக் கொடுத்தார், ஆனால் கிளம்பவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் அதிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நாளைக்கே ஆபீஸ் வேலை கிடைத்தாலும் சனிக்கிழமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிள்ளையார் நோன்புக்கு இங்குள்ள நம்மவர்கள் ஒரு வீட்டில் கூடுகிறோம். மாவு நான் பிடிக்கிறேன். புதுக் கோடி வேட்டி இருக்கிறது, திரிக்கான 21 நூலிழையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்வோம். துணைக்கு ஆள் இல்லையோ என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும். உங்கள் மாப்பிள்ளை ஆபீசில் சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை.

வீட்டு ஓடு மாற்றும் செலவுக்குப் பழைய சாமான்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடையில் விற்கலாம் என்று தம்பி சொல்கிறானாமே. பங்காளிகளைக் கேட்காமல் வளவு வீட்டுப் பொதுச் சாமானில் ஒரு கிண்ணம்கூட வெளியே போக வேண்டாம், பெரியப்பச்சி மனசு நோகும். முகப்பில் கிடக்கும் ஐயாவின் பர்மா சாய்வு நாற்காலியை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பிரம்பு கிழிந்தால் என்ன, தேக்குச் சட்டம் நன்றாகத்தானே இருக்கிறது. அதில் எத்தனை துளை, துளைக்குத் துளை எவ்வளவு இடைவெளி என்று தம்பியை அளந்து எழுதச் சொல்லுங்கள். அதைப் பொறுத்துத்தான் பிரம்பின் அகலம். வரும்போது வாங்கி வருகிறேன். ஓட்டுக்கு எவ்வளவு ஆகும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அப்பச்சியைக் கொத்தனாரிடம் முன்பணம் கொடுக்கவிடாதீர்கள்.

உங்கள் மகள்