வான்கோழிகள் ஏன் வாயடைத்துப் போகின்றன?

ஏதன்ஸ், ஜார்ஜியா
ஏப்ரல் 24

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்து, தாயும் பிள்ளையும் நலமாக இருக்கிறார்கள் என்று படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். கோடை விடுமுறை தொடங்கியதும் நாங்கள் இருவரும் தென் கரோலினாவுக்கு, ஏய்க்கன் ஊருக்கு வந்து பேரனைப் பார்க்கிறோம். இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் வலி குறைந்துவிட்டதால் விடியற்காலை நடையை மறுபடியும் தொடங்கிவிட்டேன்.

உன் மகள் வீட்டுக்குப் பின்புறத்துக் காட்டில் மார்ச் மாதம் முழுவதும் பொழுது விடியுமுன்பே கூவி எழுப்பிய வான்கோழிச் சேவல்கள், வேட்டைப் பருவம் தொடங்கியபின், ஏப்ரலில் ஒரேயடியாக ஓய்ந்துவிட்டன என்றும், எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்துவிட்டார்களோ என்று மனம் கலங்குவதாகவும் எழுதியிருந்தாய். தீர்த்துவிடவில்லை. அந்தப் பறவைகளில் பெரும்பாலானவை அதே காட்டில்தான் இருக்கின்றன. அவை வாய் திறக்காமல் இருப்பதற்குத் துப்பாக்கி ஒரு காரணம்தான். அதற்கும் முந்திய காரணம் அவற்றின் இனப்பெருக்க முறையிலேயே இருக்கிறது.

சேவல் கூவுவது பெட்டைகளை அழைக்கத்தான். தான் இங்கே இருக்கிறேன் என்று மற்றச் சேவல்களுக்கு அறிவிப்பதும் அதில் அடங்கும். இரவில் மரக்கிளையில் அடைந்திருக்கும் சேவல், சூரியன் எழுவதற்கு அரைமணி முன்பிருந்தே கூவத் தொடங்குகிறது. ஒரு நாளின் கூவலில் பெரும்பகுதி பொழுது புலர்ந்த சிறிது நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தக் குரலைக் கேட்டுப் பெட்டைகள்தான் சேவலைத் தேடி வருகின்றன. வந்து சேர்ந்த பிறகு அது எதற்காகக் கூவ வேண்டும்? சென்ற மாதம் பக்கத்து வீட்டுக்காரரின் புல்வெளி வேலியோரம் நின்று ஒரு பெரிய சேவலை நெடுநேரம் பார்த்தேன். வாலை விசிறியாக விரித்து, இறக்கைகளைத் தரையில் உரசும்படி தாழ்த்தி, பெட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. தலையின் நிறம் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக மாறிக்கொண்டிருந்தது. தரையில் இழுபட்டு இழுபட்டு இறக்கை நுனிகள் தேய்ந்து போயிருந்ததும் கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவு நேரத்தில் அது ஒருமுறைகூடக் கூவவில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து எழுவது போன்ற ஆழ்ந்த முழக்கம் மட்டும் அவ்வப்போது கேட்டது. அருகில் இருப்பவர்களுக்கு மட்டுமே கேட்கக்கூடிய ஒலி அது. உன் மகள் வீட்டுத் திண்ணை வரை எட்டாது.

வேட்டைக்காரர்களின் சிரமமும் இதில்தான் தொடங்குகிறது. மரப்பெட்டியை உரசியோ, கற்பலகையைக் குச்சியால் தேய்த்தோ, வாய்க்குள் வைக்கும் மெல்லிய சவ்வை ஊதியோ அவர்கள் பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலைத் தங்களிடம் வரவழைக்கப் பார்க்கிறார்கள். இயற்கையில் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும் என்பதால், இது வழக்கத்தைத் தலைகீழாக்கும் வேலை. பெட்டைகள் சூழ நிற்கும் சேவல், அழைப்புக்கு ஒருமுறை பதில் கொடுத்துவிட்டு, கூப்பிட்டவள் வருவாள் என்று நின்று பார்த்து, வராவிட்டால் கூட இருக்கும் பெட்டைகளோடு நடையைக் கட்டிவிடுகிறது. மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குக் காடே காலியாகிவிட்டது போலத் தோன்றுகிறது.

பெட்டை நாளுக்கொன்று என்ற கணக்கில் பத்துப் பன்னிரண்டு முட்டைகள் வரை இட்டு, பிறகு ஏறத்தாழ 28 நாட்கள் அடைகாக்கும். அவை அடையில் அமர அமரச் சேவல்கள் தனித்து விடப்படுகின்றன. தனித்துவிட்ட சேவல் மறுபடியும் கூவத் தொடங்குகிறது. குளிர்காலக் கூட்டங்கள் கலையும்போது ஓர் உச்சம், அடைகாக்கும் காலத்தில் இன்னோர் உச்சம், இடையில் ஒரு தணிவு என்பதுதான் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் விவரம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் வேட்டை தொடங்குவது பெரும்பாலும் அந்த இடைத்தணிவை ஒட்டியே என்பதால், அமைதிக்கான பழி முழுவதும் துப்பாக்கியின் மேல் விழுந்துவிடுகிறது.

ஆனால் துப்பாக்கிக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. இதற்கான நல்ல சான்று உனக்கு மிக அருகிலேயே இருக்கிறது. ஏய்க்கனுக்குத் தெற்கே, அணு ஆயுதப் பொருட்களுக்காக 1950-களில் அரசு வளைத்துப்போட்ட சவானா ஆற்றுத் தளத்துக்குள் பொதுமக்கள் இஷ்டப்படி நுழைய முடியாது. ஆகையால் அந்தப் பரந்த காட்டின் வான்கோழிகள் வேட்டைத் தொல்லை அதிகம் அறியாதவை. ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்பர்லெய்னும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரெட் காலியரும் அவர்களுடைய குழுவினரும், அங்கேயும் வேட்டை நடக்கும் தென் கரோலினாக் காடுகளிலும் ஒலிப்பதிவுக் கருவிகளைப் பொருத்தி, பருவம் முழுவதும் சேவல்களின் குரலைப் பதிவு செய்தார்கள். வேட்டை இல்லாத இடத்தில் கூவல் பெட்டைகளின் முட்டையிடும், அடைகாக்கும் காலத்தைப் பின்பற்றிச் சென்றது. வேட்டை நடந்த இடங்களிலோ வேட்டை தொடங்கியபின் கூவல் குறைந்துவிட்டது.

ஏன் குறைந்தது என்பதற்கு எனக்கு மிகவும் பொருத்தமாகப் படும் விளக்கம் எளிமையானது. அதிகம் கூவும் சேவல்தான் முதலில் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்து முதலில் சுடப்படுகிறது. சேவல்களுக்குள் மூப்பு வரிசை உண்டு. முதல் நிலையிலிருந்த சேவல் போனவுடன் அந்த இடத்துக்கு அடுத்தது உடனே வந்துவிடுவதில்லை என்றும், அதனால் ஒரு பறவையின் இழப்பே ஒரு பகுதியின் குரலை நெடுநாள் அடக்கிவிடக்கூடும் என்றும் சேம்பர்லெய்ன் கருதுகிறார். எஞ்சியவற்றில் ஓராண்டுக் குஞ்சுச் சேவல்கள் கூவுவதே அபூர்வம். மற்றவையோ, கூவியபோது காலடிச் சத்தமும் கார்க்கதவுச் சத்தமும் அருகே வந்ததை அனுபவித்தவை. வான்கோழி மகா தந்திரசாலி என்று வேட்டைக்காரர்கள் சொல்வதை நான் அப்படியே ஏற்பதில்லை; கூவினால் கயோட்டி என்னும் சிறு ஓநாயும் காட்டுப்பூனையும் தேடி வரும் என்ற பழைய அச்சத்தோடு மனிதனும் சேர்ந்துகொண்டான், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு: மார்ச்சில் மொட்டையாக நின்ற மரங்கள் ஏப்ரலில் தழைத்துவிட்டதால், கூவும் குரலும்கூட இலைகளில் அடங்கித் தூரத்தில் கேட்பது போல ஒலிக்கும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், இந்தப் பறவை ஒருமுறை கையைவிட்டுப் போய்த் திரும்பி வந்தது என்பதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காடழிப்பாலும் கட்டற்ற வேட்டையாலும் பல மாநிலங்களில் வான்கோழியே இல்லாமல் போயிற்று. உங்கள் தென் கரோலினாவில் பிரான்சிஸ் மேரியன் காடு போன்ற ஒருசில இடங்களில் எஞ்சியவற்றை 1950-களில் வெடிவைத்து வீசும் வலைகளால் பிடித்து, மற்ற மாவட்டங்களில் கொண்டுபோய் விட்டார்கள். தேசிய காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு 1973-இல் தொடங்கியபோது நாடு முழுவதும் ஏறத்தாழ 13 லட்சம் பறவைகள் இருந்தன. பிறகு அது பல மடங்காகப் பெருகியது. இப்போது தென்கிழக்கு மாநிலங்களில் குஞ்சுகள் பிழைப்பது குறைந்து, எண்ணிக்கை மறுபடியும் சரிகிறது. அதனால்தான் ஜார்ஜியா 2022-இல் பருவத்தின் தொடக்கத்தைத் தள்ளிவைத்து, ஒருவர் சுடக்கூடிய சேவல்களை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பெட்டைகள் சேர்ந்து முட்டையிடும் முன்பே முதல்நிலைச் சேவல்களை எடுத்துவிடக்கூடாது என்பது இதன் நோக்கம். பக்கத்து வீட்டுக்காரர் இதைக் குறித்து இன்றும் புலம்புகிறார். நான் அவரோடு உடன்படுவதில்லை. இன்னும் ஒரு வாரம் தள்ளிவைத்தாலும் நான் ஆதரிப்பேன்.

நீ கேட்க விரும்பினால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. பெட்டைகள் அடையில் அமர்ந்துகொண்டிருக்கும் நாட்கள் இவை. காற்றும் மழையும் இல்லாத விடியலில் வீட்டுப் பின்புறத்திலேயே நின்று கேள். வேட்டைப் பருவம் முடியும்வரை காட்டுக்குள் நடக்காதே. போக நேர்ந்தாலும் சிவப்பு, வெள்ளை, நீல நிற உடைகளைத் தவிர்த்துவிடு. அவை சேவலின் தலை நிறங்கள் என்பதால், மறைந்திருக்கும் வேட்டைக்காரரின் கண் ஏமாறிவிடக்கூடும். பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை ஒன்று மாப்பிள்ளையிடம் இருந்தால் வாங்கிப் போட்டுக்கொள். கேட்ட நாளையும் நேரத்தையும் குறித்துவைத்து எனக்கு எழுது. இங்கே நான் குறித்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்