குடிநீரில் கழிவுநீர் கலப்பு: உடைப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்யக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
தெருவாசிகள் (கையொப்பப் பட்டியல் இணைப்பில்), சென்னை.

பெறுநர்:
உயர்திரு பகுதிப் பொறியாளர் அவர்கள்,
பகுதி அலுவலகம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோயில் குளத்து வால்வில் தொடங்கி ரேஷன் கடையில் முட்டி நிற்கும் எங்கள் தெரு தங்களுக்குப் புதிதல்ல. இதே குறைக்காகக் குடிநீர் வாரியப் பணிமனையில் இரண்டு முறையும் தங்கள் அலுவலகத்தில் ஒரு முறையும் மனு கொடுத்து ரசீது வைத்திருக்கிறோம். பதில் வரவில்லை. ஆகவே பணிவுடன் மீண்டும் எழுதுகிறோம்.

1. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் திறக்கிறார்கள். அடிபம்பில் முதலில் வருவது சாம்பல் நிறத் தண்ணீர். அழுகின முட்டை வாடை. குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் கருப்பு மண்டி, மேலே பிசுக்குப் படலம். பத்துப் பதினைந்து குடம் கீழே கொட்டிய பிறகுதான் தெளிகிறது. தெளிந்ததெல்லாம் நல்ல தண்ணீர் அல்ல என்பது தாங்கள் அறிந்ததே. குழந்தைக்குப் பால் கரைப்பதும் இதில்தான்.

2. தண்ணீரை நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் இறங்குகிறது. சில வீடுகளில் குழாயோடு நேராக மாட்டியிருக்கும் மோட்டார் மிச்சத்தையும் உறிஞ்சுகிறது (இது எங்கள் தரப்புத் தவறு, கழற்றச் சொல்லி வருகிறோம்). அப்போது எங்கே ஓட்டை இருந்தாலும் குழாய் வெளியில் நிற்பதை உள்ளே இழுக்கும். மழைநீர் வடிகால் கட்டியபோது அறுபட்ட வீட்டு இணைப்புகளை, வடிகாலுக்குள்ளேயே குறுக்காக ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்த் துண்டு வைத்து இணைத்துவிட்டுப் போனார்கள். இஸ்திரி வண்டிக்கு எதிரே உள்ள மூடியைத் தூக்கினால் தெரியும்: துருவேறிய குழாய், அதில் சுற்றிய சாக்கும் பிளாஸ்டிக் கவரும், பாதிக் குழாய் சாக்கடையில் முழுகிக் கிடக்கிறது. பக்கத்து இயந்திர நுழைவாயில் (பாதாளச் சாக்கடை மேன்ஹோல்) அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் கழிவுநீர் வழிந்து இந்த வடிகாலில்தான் தேங்குகிறது.

3. தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் காட்டும் குளோரோஸ்கோப் கருவியை வைத்து வீடு வீடாகப் பார்த்தோம். வால்வுக்குப் பக்கத்தில் மஞ்சள் நன்றாக ஏறுகிறது. இஸ்திரி வண்டியைத் தாண்டினால் நிறமே வருவதில்லை. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். 100 மில்லி லிட்டரில் ஈ.கோலை (மலக் கலப்பைக் காட்டும் கிருமி) ஒன்றுகூடத் தென்படக் கூடாது. ஒரே குழாயில் நல்லபடியாக வந்த குளோரின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் செத்துப்போகிறது என்றால் அழுக்கு நுழைவது அங்கேதான். இதைவிடத் துல்லியமாக இடத்தை எப்படிக் காட்டுவது ஐயா?

4. ஒரே ஒரு முறை வந்து மாதிரி எடுத்தார்கள். எப்போது? தண்ணீர் திறந்து ஒரு மணி நேரம் கழித்து! குடிக்கிற பாட்டிலில், ஐஸ் பெட்டிகூட இல்லாமல். "நன்றாக இருக்கிறது" என்று வாயால் சொன்னார்கள், தாளில் தரவில்லை. திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்று, அரை மணி கழித்து ஒன்று, வால்வுப் பக்கத்தில் ஒன்று, தெருக் கடைசியில் ஒன்று என்று எடுக்க வேண்டும். கிருமி நீக்கிய பாட்டிலில், குளோரினை முறிக்கும் தயோசல்பேட் உப்பைப் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதிரியில் உள்ள குளோரின் போகிற வழியிலேயே கிருமியைக் கொன்று, கெட்ட தண்ணீரையும் நல்லது என்று காட்டிவிடும். ஐஸில் வைத்து அன்றே ஆய்வகத்துக்குப் போக வேண்டும். இதெல்லாம் தங்கள் ஊழியர்களுக்கே தெரிந்த முறைதான். ஏன் செய்யவில்லை?

5. மூட்டை மூட்டையாக பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போவது வைத்தியம் ஆகாது. மண்டி கலந்த தண்ணீரில் போடும் குளோரின் மண்டியோடேயே தீர்ந்துவிடுகிறது. ஓட்டையை அடையுங்கள் ஐயா, ஓட்டையை.

6. செய்ய வேண்டியது இதுதான். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் குத்தும் ஜெட் ராடிங் வண்டியால் கழிவுநீர்க் குழாயின் அடைப்பை எடுங்கள். ஆளை இறக்க வேண்டாம். வடிகாலில் தேங்கிய நீரில் சோதனைச் சாயம் கரைத்துவிட்டு, அடுத்த முறை திறக்கும்போது எந்தெந்த இணைப்பில் நிறம் வருகிறது என்று பாருங்கள். அங்கே தோண்டினால் போதும், தெரு முழுக்க வேண்டாம். வடிகாலுக்குள் ஓடும் இணைப்புகளை வெளியே எடுத்து மேலாக மாற்றுங்கள். கைவிட்ட பழைய இணைப்பைப் பிரதான குழாயின் பெரூலிலேயே (வீட்டு இணைப்பு பிரியும் வாய்) அடைக்க வேண்டும். வீட்டு வாசலில் மட்டும் மூடினால் மண்ணுக்குள் இருக்கும் அந்தத் துண்டு தொடர்ந்து சாக்கடையை உறிஞ்சும். புதிய குழாய் வரப்போவதாகச் சொல்கிறார்கள். வரட்டும். ஆனால் குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் நடுவே 3 மீட்டர் இடைவெளி எங்கள் தெரு அகலத்தில் கிடைக்காது. குறைந்தபட்சம் கழிவுநீர்க் குழாயின் தலைக்கு அரை மீட்டர் மேலே குடிநீர்க் குழாய் போகட்டும். குழாய் மூட்டுகளை மண் மூடாமல் வெளியே தெரிய வைத்தே அழுத்தச் சோதனை செய்து, குளோரின் நீரை 24 மணி நேரம் தேக்கிக் கழுவி, மாதிரி முடிவு வந்த பிறகு தார் போடுங்கள். தார் போட்டுவிட்டுச் சோதித்தால் கசிவு எங்கே என்று யார் பார்ப்பது?

7. அதுவரை தினமும் தண்ணீர் லாரி அனுப்புங்கள்.

ஐயா, கேட்பது ஒன்றே: ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்துத் தாருங்கள். அடுத்த முறை தண்ணீர் திறக்கும் காலையில் தாங்களே நேரில் வாருங்கள். இஸ்திரி வண்டிக்கு எதிரே உள்ள மூடியை நாங்கள் தூக்கிக் காட்டுகிறோம். தயவுசெய்து வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெருவாசிகள்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ரசீது நகல்கள், கையொப்பப் பட்டியல், வடிகால் புகைப்படங்கள்.