லங்காவியிலிருந்து: படகை இறக்கும் நாள் வந்துவிட்டது

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலை முடிந்தது என்று எழுதக்கூடிய நாளுக்காகக் காத்திருந்ததால்தான் பதில் தாமதமாகிவிட்டது. நேற்று மாலை படகின் அடிப்பாகத்துக்குக் கடைசிப் பூச்சும் அடித்தாகிவிட்டது. வரும் பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து, கடல் ஏற்றம் நன்றாக உயர்ந்திருக்கும் வேளையில், டிராவல் லிஃப்ட் என்ற தூக்கு வண்டி படகைப் பட்டைகளில் தாங்கித் தூக்கிச் சென்று தண்ணீரில் இறக்கும்.

கடந்த மார்ச்சில் கரையேற்றியபோது இரண்டு மாத வேலை என்று உனக்கு எழுதியிருந்தேன். பத்து மாதம் ஓடிவிட்டது. ஏன் இத்தனை தாமதம் என்று நீ கேட்டிருந்தாய். பழைய பெயின்டைச் சுரண்டியதும் நீர்மட்டத்துக்குக் கீழே எங்கு பார்த்தாலும் கொப்புளங்கள். ஒன்றைக் குத்தினால் காடி வாடையோடு நீர் வடிந்தது. தூத்துக்குடியில் தோணிகளின் பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு மரத்தில் நீர் இறங்குவது புதிதல்ல; கண்ணாடி இழையிலும் அது இறங்கும் என்பதை அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் முழுதாக நம்பினேன். மேல்பூச்சின் வழியே ஆண்டுக்கணக்கில் ஊடுருவிய நீர், பிசினில் சரியாக இறுகாமல் தங்கிவிட்ட பொருள்களைக் கரைத்து, அந்தக் கரைசல் மேலும் மேலும் நீரை இழுத்து, அழுத்தம் தாங்காமல் பூச்சைப் புடைக்கச் செய்திருக்கிறது.

மேல்பூச்சு முழுவதையும் சீவி எடுத்து, நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, உலர விட்டோம். இந்தத் தீவில் செப்டம்பரும் அக்டோபரும் கடும் மழைக்காலம். கூடாரம் கட்டியும் ஈரமானியின் முள் இறங்கவே இல்லை. சிலர் இத்தனை பார்க்க வேண்டாம், மேலே எபாக்சி என்ற நீர்த்தடுப்புப் பிசினைப் பூசிவிடு என்றார்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் மூன்று ஆண்டில் மறுபடி இதே இடத்தில் நிற்பேன் என்று தோன்றியதால் மறுத்துவிட்டேன். டிசம்பரில் வடகிழக்குக் காற்று வறண்டு வீசத் தொடங்கிய பிறகே முள் இறங்கியது. ஆறு பூச்சு எபாக்சி அடித்தோம். கடைசிப் பூச்சு விரலில் பிசுபிசுக்கும் பதத்தில் இருக்கும்போதே, கொட்டலசு என்ற ஓட்டு உயிரிகள் ஒட்டாமல் தடுக்கும் செம்பு கலந்த பெயின்டின் முதல் பூச்சைச் சிவப்பில் கொடுத்து, அதன்மேல் நீலம் அடித்தோம். நீலத்துக்குள் சிவப்பு தெரியும் நாளில் மறுபடி பெயின்ட் அடிக்கும் காலம் வந்துவிட்டதென்று அறிந்துகொள்ளலாம்.

ஆனால் நண்பா, என்னை உண்மையில் நடுங்க வைத்தது கொப்புளங்கள் அல்ல. கழிவறைக்குக் கடல்நீர் எடுக்கும் வால்வைச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். அதன் கழுத்து பிஸ்கட் போல உடைந்து கையில் வந்தது. உடைந்த முகம் மஞ்சளாக இல்லை, இளஞ்சிவப்பாக இருந்தது. வெண்கலம் என்று நம்பியிருந்தது வெறும் பித்தளை. அதிலிருந்த துத்தநாகம் உப்புநீரில் கரைந்துபோய், பஞ்சு போன்ற செம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அதை நம்பித்தான் போன ஆண்டு நான் தனியாக ஃபூக்கெட் வரை போய் வந்தேன் என்பதை நினைத்து அன்றிரவு தூங்கவில்லை. கடல்நீர் வரும், போகும் ஏழு வழிகளையும் கழற்றி, உண்மையான வெண்கலத்தில் மாற்றிவிட்டேன். ஒவ்வொன்றின் அருகிலும் வால்வு உடைந்தால் ஓட்டையை அடைக்க அளவான மரக்கட்டை ஒன்றைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளும் புதியவை. விசிறித் தண்டிலும் சுக்கான் அருகிலும் மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தாம் அரிக்கப்படும் புதிய துத்தநாகத் துண்டுகள் பொருத்தியாகிவிட்டது. அவற்றின்மேல் பெயின்ட் படாமல் நானே நின்று பார்த்துக்கொண்டேன். இறக்கும் நாளில் பட்டைகளைக் கழற்றுவதற்கு முன் படகு அப்படியே ஒரு மணி நேரம் தொங்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். அதற்குள் ஏழு வால்வுகளையும் உள்ளே போய்த் தொட்டுப் பார்த்துவிடுவேன்.

இந்த சீசனிலேயே வங்காள விரிகுடாவைத் தாண்டி இலங்கையின் காலித் துறைமுகம் வரை வருவாயா என்று கேட்டிருந்தாய். வரமாட்டேன். ஃபூக்கெட்டிலிருந்து ஏறக்குறைய 1,100 கடல் மைல். இத்தனை புதிய பாகங்களோடு முதல் ஓட்டத்திலேயே அவ்வளவு தூரம் போவது சரியல்ல. இந்த ஆண்டு தீவுகளுக்கிடையே ஓட்டிப் பார்க்கிறேன். அடுத்த ஜனவரியில் இதே காற்றில் புறப்படலாம்.

ஒரு வேண்டுகோள். கரையில் முட்டுக் கொடுத்து நிற்கும் படகின் உடல் தண்ணீரில் மிதக்கும்போது சற்றே மாறும் என்பதால், என்ஜினையும் தண்டையும் நேர்கோட்டுக்குக் கொண்டுவரும் வேலையை இறக்கிய மறுநாளைக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன். கப்பலில் இருந்தபோது அந்த வேலையில் உன் கைக்கு நிகராக நான் யாரையும் பார்த்ததில்லை. விடுப்பு கிடைத்தால் வா. வரும்போது நுண்ணிய இடைவெளியை அளக்கும் உன் பழைய ஃபீலர் கேஜையும் எடுத்து வா. இங்கே நான் வாங்கியதில் மெல்லிய தகடுகள் இரண்டு வளைந்துவிட்டன.

என்றும் உன் அன்புள்ள,
நண்பன்