அது திமிரல்ல, தூக்கக் கடன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பதின்பருவப் பிள்ளை இரவில் தூங்காமல் இருந்து, பகலில் எரிந்து விழுந்தால் பெற்றோர் திமிர் என்கிறார்கள். பதின்பருவத்தில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற ஹார்மோன் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. இரவு 11 மணிக்கும் பிள்ளை விழித்திருப்பது திமிரல்ல. ஆனால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமங்களில் விடிந்ததும் டியூஷன், பிறகு பள்ளி வேன். தேவையான 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் குறைந்து, அந்தக் கடன் எரிச்சலாகவும் அழுகையாகவும் வெளிவருகிறது. உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முதிர ஏறத்தாழ 25 வயதாகும். பிள்ளை கத்தும்போதே சொல்லும் புத்தி ஏறாது. அரை மணி கழித்து, தனியாகப் பேசுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, விளையாட்டு, நண்பர்கள் எதிலும் ஒட்டாமலிருந்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

– பள்ளி மனநல ஆலோசகர்கள், மன்னார்குடி