ஏழு வயசு நாயை வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்போற மகனுக்கு

கண்ணு,

நீ அனுப்புன வீடியோவ நேத்து ராத்திரி திரும்பத் திரும்ப போட்டுப் பாத்தேன். நீங்கல்லாம் அது மூஞ்சியத்தான் பாத்திருப்பீங்க, எனக்கு கண்ணு பின்னங்கால் மேலயே போச்சு. டைல்ஸ்ல இருந்து எந்திரிக்கும்போது முன்னங்கால ஊனி உடம்ப இழுக்குது, பின்னங்கால் ரெண்டும் வழுக்கிட்டு விரியுது. லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுப் பிரச்சனை ரொம்ப சகஜம்டா, அதனால பேசி முடிக்கிறதுக்கு முன்னாடி வேப்பேரி வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய் இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரே, உண்ணிக் காய்ச்சல் இருக்கான்னு ஒரு ரத்த டெஸ்ட், ரெண்டும் எடுத்துரு. மூட்டு மோசமா இருந்தா வேண்டாம்னு நான் சொல்ல வரல, தெரிஞ்சுட்டு எடுன்னுதான் சொல்றேன்.

என்னைக் கேட்டா எடு. குட்டி வாங்குனா மூணு மணிக்கு எந்திரிச்சு மூத்திரம் தொடைக்கணும், செருப்பு சோபா எல்லாம் போகும், வளந்தப்புறம் எப்படி இருக்கும்னும் தெரியாது. இது வளந்து முடிச்ச நாய், சைஸும் குணமும் கண்ணு முன்னாடி இருக்கு. இப்ப இருக்குற ஓனர்கிட்ட கூச்சப்படாம கேளு, சாப்பிடும்போது பக்கத்துல போனா உறுமுமா, சின்னப் பிள்ளைங்களோட பழகியிருக்கா, லிஃப்ட்ல வருமா, தீபாவளி வெடிக்கு என்ன பண்ணும், வெறிநாய் ஊசி கடைசியா எப்ப போட்டாங்க. ஊசி கார்டு கையில வாங்காம வராத.

நம்ம மணிய நினைச்சுப் பாரு. நீ ஹாஸ்டல்ல இருந்தப்ப எதிர்வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டு விட்டுட்டுப் போன ஷெப்பர்டு. வந்த புதுசுல சோத்த மோந்து பாத்துட்டு போயிரும், தெருவுல அவங்க வண்டி மாதிரி ஒரு சத்தம் கேட்டா போதும், காதத் தூக்கிட்டு வாசல் கேட் பக்கத்துல போய் நிக்கும், வண்டி தாண்டிப் போனப்புறமும் நிக்கும். நானும் அப்பாவும் ஒண்ணும் பண்ணல, அது பக்கத்துல உக்காந்து கீரை ஆய்வேன், அவ்வளவுதான். தானா வந்து என் கால் மேல தலைய வைக்க மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. அதனால வந்த அன்னைக்கே சொந்தக்காரங்கள எல்லாம் கூப்பிட்டு காட்டாத. அது படுத்துப் பழகுன பெட்ஷீட்ட துவைக்காம வாங்கிட்டு வா, அதே சாப்பாடு, அதே நேரம். உடனே குளிப்பாட்டாத. உறுமுனா அடிக்காத, பயமா இருக்குன்னு அது சொல்ற பாஷை அது. அதையும் அடிச்சு நிப்பாட்டிட்டா அப்புறம் சொல்லாம கடிச்சிரும்.

பாப்பா விஷயத்துல நான் கொஞ்சம் கண்டிப்பு. ரெண்டையும் தனியா விட்டுட்டு கிச்சனுக்குக் கூட போகக்கூடாது. அது தூங்கும்போதும் சாப்பிடும்போதும் பாப்பா கிட்ட போகக்கூடாது, கழுத்தக் கட்டிப் பிடிக்கக்கூடாது. முப்பது கிலோ நாய், பாசமா வாலாட்டுனாலே குழந்தை கீழ விழுந்துரும்.

வீட்டுல ஹால்ல இருந்து பால்கனி வரைக்கும் வழுக்காத ரப்பர் மேட் போடு, கார்ல இருந்து குதிக்க விடாத. வெயிட் ஏற விடாத, லேப்ரடாருக்கு எவ்வளவு போட்டாலும் பத்தாது, அந்த வெயிட் எல்லாம் மூட்டு மேலதான் இறங்கும். சாப்பாட்ட ரெண்டு வேளையா பிரிச்சு குடு, சாப்பிட்ட உடனே ஓட விடாத, பெரிய நாய்ங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கும், சில மணி நேரத்துல உயிரே போயிரும். வெங்காயம் பூண்டு போட்ட குழம்பு, திராட்சை, சாக்லேட் எதுவும் கூடாது. காய்ச்சல்னு வீட்டுல இருக்குற பாராசிட்டமால குடுத்துராத, நாய்க்கு அது விஷம். சென்னை வெயில்ல காலைல ஏழு மணிக்குள்ள வாக்கிங் முடிச்சிரணும், அந்த வாக்கிங் உன் வேலை. மருமக தலைல கட்டாத, அவளுக்கு ஏற்கனவே ஆபீசும் வீடும் இருக்கு. அவ மனசார சரின்னு சொன்னாத்தான் நாய் வரணும்.

அசோசியேஷன்ல யாராவது நாய் வளர்க்கக்கூடாதுன்னு சொன்னா பதறாத, விலங்குகள் நல வாரியம் 2015லயே அப்படித் தடை போட முடியாதுன்னு வழிகாட்டுதல் போட்டிருக்கு. நீ கார்ப்பரேஷன் லைசென்ஸ ஒழுங்கா எடுத்து வை, லிஃப்ட்ல யாராவது பயந்தா அடுத்த லிஃப்ட்ல போ.

இன்னொண்ணு, சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு. லேப்ரடாருக்கு ஆயுசே பத்துல இருந்து பன்னெண்டு வருஷம். இது உங்க வீட்டுல நாலஞ்சு வருஷம் இருக்கும். கடைசில தூக்கித்தான் வெளிய கொண்டு போகணும், மருந்துச் செலவு ஏறும். அது ஏற்கனவே ஒரு வீட்ட விட்டு வருதுடா, உன் வீட்ட விட்டும் அனுப்புற மாதிரி ஆகக்கூடாது. வேலை மாறி பெங்களூரு போனாலும் அதுவும் கூட வரணும். அதுக்கு முடியும்னா மட்டும் எடு.

எக்ஸ்ரே எடுத்ததும் போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பு, மணியப் பாத்த டாக்டர்கிட்ட நான் காட்டுறேன். அது வர்ற வாரம் நான் அங்க வந்து தங்குறேன், நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போனப்புறம் பகல்ல வீட்டுல ஒரு ஆளு வேணும்ல.

அம்மா